பிணத்தைப் பார்த்த வாட்ச்மேன்

மர்ம நாவல்களில் ஒரு பழக்கம் உண்டு. முதல் அத்தியாயத்தில் விடியற்காலை நேரம் வரும். பால்காரரோ, வாசல் பெருக்க வந்த அம்மாளோ, இரவுக் காவல் முடித்து வீட்டுக்குக் கிளம்பும் வாட்ச்மேனோ ஒரு பிணத்தைப் பார்ப்பார். "ஐயோ!" என்று ஓர் அலறல். அத்தோடு அவர் வேலை முடிந்தது. இரண்டாவது அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்குவார். மூன்றாவதில் துப்பறியும் நிபுணர் கம்ப்யூட்டரைத் திறப்பார். அலறியவரைப் போலீஸ் ஸ்டேஷனில் எத்தனை நேரம் உட்கார வைத்தார்கள், அன்றையச் சம்பளம் போயிற்றா என்றெல்லாம் கதாசிரியர் கவலைப்படுவதே இல்லை.

சாமராஜநகரில் தமிழ் மர்ம நாவல் படிக்கிறவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அந்த முதல் அத்தியாயத்து ஆசாமிகள்தான். கருங்கல் குவாரியில் வேலை செய்கிறவர், லாரி ஓட்டுகிறவர், கடையில் கணக்கு எழுதுகிறவர், கட்டடத்துக்கு இரவுக் காவல் இருக்கிறவர். சமீப காலத்து நாவல்களைப் பற்றி இங்கிருந்து அபிப்பிராயம் சொல்வதென்றால் இவர்கள் கண்ணோடுதான் சொல்ல வேண்டும். கொன்றவன் யார் என்று கண்டுபிடிப்பதில் நம் எழுத்தாளர்கள் கெட்டிக்காரர்கள். செத்தவன் யார் என்று சொல்வதில்தான் சோம்பல்.

திம்பம் வழியாக வந்த கதைகள்

மைசூரிலிருந்து வரும் ரெயில் பாதை சாமராஜநகரோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டுமானால் புணஜனூர், ஆசனூர் வழியாகக் காட்டுக்குள் புகுந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, பண்ணாரி தாண்டிச் சத்தியமங்கலம் சேர வேண்டும். தமிழ்ப் புத்தகங்கள் இங்கே வந்த வழியும் அதுதான். ஊருக்குப் போனவர் பஸ் நிலையத்தில் வாங்கியது, லாரி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் செருகி வைத்தது என்று கை மாறிக் கை மாறி, அட்டை கிழிந்த நிலையில்தான் ஒரு நாவல் நம்மிடம் வந்து சேரும். கடைசிப் பக்கம் இல்லாத நாவலைப் படித்துவிட்டுக் கொலைகாரன் யார் என்று நாள்கணக்கில் தர்க்கம் செய்தவர்கள் உண்டு. சொல்லப்போனால், சில கதைகளுக்குக் கடைசிப் பக்கம் இல்லாமலிருப்பதே நல்லது.

கன்னட நண்பர்களுக்கும் இந்த ருசி புதிதல்ல. அவர்கள் 'பத்தேதாரி காதம்பரி' என்பார்கள். என்.நரசிம்மையா என்ற எழுத்தாளர் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். பத்தேதார புருஷோத்தமா என்ற துப்பறிவாளரைப் படைத்து, மொத்தம் 500 நாவல்களுக்கு மேல் எழுதினார். 2011-ல் காலமானார். அவர் புத்தகங்களால்தான் தாங்கள் கன்னடம் வாசிக்கப் பழகியதாகச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு இருந்த செல்வாக்கு அது. தேநீரைக் குடித்துவிட்டு யோசனையில் ஆழ்ந்துவிடும் சங்கர்லாலைப் பார்த்து, நாமும் ஒரு டீ சொன்னால் மூளை வேலை செய்யும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது.

இந்த வகைக் கதைகளுக்குத் தமிழில் நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி அய்யங்கார், ஜே.ஆர்.ரங்கராஜு ஆகியோர் முதல் தலைமுறை. 1969-ல் ராணி முத்து வந்து, மாதம் ஒரு முழு நாவல் என்ற வழக்கம் பரவியது. அதன்பின் 1980-களில் பாக்கெட் நாவல்கள் பெருகின. பஸ் நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய அந்த நாவல்கள்தான் வெளிமாநிலம் போன நம்மவர்களின் பைகளில் டிபன் பாக்சுக்கு அடுத்தபடி இடம் பிடித்தவை.

மேஜைக்கு அடியில் வெடிகுண்டு

திகில் படங்களுக்குப் பேர்போன டைரக்டர் ஆல்பிரட் ஹிட்ச்காக் ஓர் உதாரணம் சொல்வார். நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று அடியிலிருந்த குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்கு ஒரு சில வினாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். குண்டு இருப்பதை முன்கூட்டியே நமக்குக் காட்டிவிட்டு, அது தெரியாமல் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தால்? கால் மணி நேரம் நம்மால் நாற்காலியில் உட்கார முடியாது.

'திருஷ்யம்' கதையை நினைத்துப் பாருங்கள். 2013-ல் மலையாளத்திலும், 2014-ல் கன்னடத்தில் 'திருஷ்யா' என்றும், 2015-ல் தமிழில் 'பாபநாசம்' என்றும் வந்தது. கொன்றது யார் என்பது நமக்கு ஆரம்பத்திலேயே தெரியும். ஆனாலும் மூன்று மொழிக்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். செத்த பையன் எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும், அவனைத் தேடித் தாயும் தகப்பனும் வருகிறார்கள். கடைசியில் அந்தத் தகப்பன் வந்து நிற்கும்போது தியேட்டரில் சத்தமே இருக்காது. செத்தவனுக்கும் ஒரு வீடு உண்டு என்று காட்டியதால்தான் கதைக்குக் கனம் வந்தது.

நம் நாவல்களில் அந்தத் தகப்பன் வருவது அபூர்வம். ராஜேஷ்குமாரை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்க்காரர். 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். விவேக், ரூபலா தம்பதியைத் தெரியாத தமிழ் வாசகர் குறைவு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டி, கடைசியில் இரண்டையும் ஒரு முடிச்சில் கட்டுவது அவர் கைவந்த கலை. எத்தனை முறை படித்தாலும் அந்த முடிச்சு எங்கே விழும் என்று தேடத் தோன்றுகிறது. ஆனால் முடிச்சு விழுந்ததும் குற்றவாளியும் விவேக்கும் நின்று பேசியே எல்லாவற்றையும் விளக்கி முடிக்கும் கடைசி அத்தியாயம் எனக்கு அலுத்துவிட்டது. அதற்குள் முதல் அத்தியாயத்தில் செத்தவரின் பெயர்கூட நமக்கு மறந்து போயிருக்கும்.

பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் வேறு ரகம். சுசீலாவின் பனியன் வாசகத்துக்காகவே புத்தகம் வாங்கியவர்கள் உண்டு. சிரிப்பும் சீண்டலும் கலந்த அந்த நடையில் இரவு ஷிப்டு தெரியாமல் கழிந்துவிடும். சுபா என்ற பெயரில் எழுதும் சுரேஷ், பாலகிருஷ்ணன் இருவரின் நரேந்திரன், வைஜயந்தியும் அப்படித்தான். வேகத்துக்குக் குறைவில்லை. வேகமாகப் போகிற வண்டியிலிருந்து பார்த்தால் சாலையோரத்தில் நிற்கிறவன் முகம் தெரியாது என்பதுதான் குறை.

சுஜாதாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கர்நாடகத் தமிழர்களுக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்சில் பல ஆண்டுகள் வேலை பார்த்துக்கொண்டே கணேஷ், வசந்த் கதைகளை எழுதினார். 2008-ல் மறைந்தார். 'கொலையுதிர் காலம்' ஆவியா, விஞ்ஞானமா என்று இழுக்கிற இழுப்பில் இன்றைக்குப் படித்தாலும் கதவைத் தாழிடத் தோன்றும். அவர் ஒரு பாத்திரத்தை இரண்டே வரியில் வந்து போகவிட்டாலும், அந்த இரண்டு வரியில் ஆள் உயிரோடு இருப்பான். பின்னால் வந்தவர்கள் வசந்தின் ஜோக்குகளைக் காப்பியடித்தார்கள். இதைக் காப்பியடிக்கவில்லை.

எங்கும் கிடைக்காத விஷம், எங்கும் கிடைக்கும் விஷம்

ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929-ல் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், இதுவரை யாரும் கண்டுபிடிக்காத விஷத்தைக் கொண்டுவரக் கூடாது என்பவை அவற்றில் இரண்டு. வாசகனை ஏமாற்றாமல் விளையாடு என்பதே அதன் சாரம். நம் நாவல்களில் இந்த இரண்டாவது கட்டளை மீறப்படாத மாதம் கிடையாது. ஏதோ ஒரு நாட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் ரகசியமாகத் தயாரான ரசாயனம், உடம்பில் தடயமே விடாத ஊசி, பெயரை வாசிக்கவே மூச்சு வாங்கும்.

நிஜம் அப்படி இல்லை என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 2018 டிசம்பர் 14-ந் தேதி. அனூர் தாலுகா சுள்வாடி கிராமத்து மாரம்மா கோவிலில் கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. பிரசாதம் சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்தார்கள். 17 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிகளில் கிடந்தார்கள். பிரசாதத்தில் கலந்திருந்தது பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்து. கோவில் நிர்வாகத் தகராறுதான் காரணம் என்று போலீசார் கூறி நாலு பேரைக் கைது செய்தார்கள்.

எந்தக் கதாசிரியரும் இதைவிடச் சாதாரணமான விஷத்தை யோசிக்க மாட்டார். விவசாயி வீட்டுப் பரணில் இருக்கிற பாட்டில் அது. ஆனால் அந்தச் செய்தி வந்த நாட்களில் யாரும் 'எந்த விஷம்' என்பதோடு பேச்சை நிறுத்தவில்லை. யார் வீட்டுப் பிள்ளை, கூலி வேலைக்குப் போகாமல் கும்பிட வந்தவர்கள் எத்தனை பேர், வீட்டில் மிச்சம் இருப்பது யார் என்றுதான் டீக்கடைகளில் பேசினார்கள். ஒரு குவாரித் தொழிலாளி என்னிடம் கேட்டார்: "அண்ணே, நாவல்ல வாட்ச்மேன் செத்தா அடுத்த அத்தியாயத்துல வேற வாட்ச்மேன் வந்துடறான். செத்தவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லையா?" இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

காட்டுக்குள் நடந்த கதை

சாமராஜநகர்க்காரனுக்குத் திகில் கதை சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நடிகர் ராஜ்குமாரை 2000 ஜூலை 30-ந் தேதி தொட்டகாஜனூர் வீட்டிலிருந்து வீரப்பன் கடத்திக்கொண்டு போனதும், 108 நாட்களுக்குப் பிறகு அவர் திரும்பி வந்ததும் இந்தக் காட்டில்தான் நடந்தது. அந்த நாட்களில் கர்நாடகத்தில் இருந்த ஒவ்வொரு தமிழனும், இன்று நல்ல செய்தி வருமா, கெட்ட செய்தி வருமா என்று காலையில் பயந்து பயந்து பேப்பரைப் பிரித்தான். ஹிட்ச்காக் சொன்ன மேஜைக்கு அடியில் 108 நாள் உட்கார்ந்திருந்தோம் என்றால் மிகையில்லை. 2002-ல் முன்னாள் மந்திரி நாகப்பா கடத்தப்பட்டார். அவர் உயிரோடு திரும்பவில்லை. 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அந்தக் கதை முடிந்ததாகப் பத்திரிகைகள் எழுதின.

முடியாத பாதியை எழுதியவர் ச.பாலமுருகன். அவர் வழக்கறிஞர், மனித உரிமைக்காரர். அவருடைய 'சோளகர் தொட்டி' நாவலும் 2004-ல்தான் வந்தது. வீரப்பன் வேட்டையில் இரண்டு மாநிலப் போலீசாருக்கும் நடுவில் அகப்பட்ட சோளகர் என்ற மலைவாழ் மக்களின் கதை. புத்தகக் கடையில் இதை மர்ம நாவல் வரிசையில் வைக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த பக்கத்தில் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகுமோ என்று கை நடுங்கப் பக்கத்தைத் திருப்ப வைத்த தமிழ் நாவல், என் வாசிப்பில், இதைப் போல வேறில்லை. கதாநாயகத் துப்பறிவாளர் யாரும் வந்து காப்பாற்றுவதில்லை. முதல் பாதியில் அவர்களுடைய மழையையும் தேனையும் திருவிழாவையும் சாவகாசமாகச் சொல்லிவிடுவதால், இரண்டாம் பாதியில் அடிபடுகிற ஒவ்வொருவரையும் நமக்கு முன்பே தெரியும். இதிலே வருகிற காடு நம் பஸ் தினமும் கடக்கிற காடு என்பதும் சேர்ந்துகொள்கிறது. பலவீனமான மனசுக்காரர்கள் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம்.

ஜெயமோகனின் 'உலோகம்' இன்னொரு வகை. ஈழத்துப் போராளி ஒருவன் கொலை செய்ய அனுப்பப்படுகிறான். கதையைச் சொல்பவனே அவன்தான். துப்பாக்கி, தலைமறைவு, உளவு என்று எல்லாம் உண்டு, விறுவிறுப்பும் உண்டு. ஆனால் படித்து முடிக்கும்போது, கொல்லப் போகிறவனே எப்போதோ பாதி செத்துப்போனவன் என்ற எண்ணம்தான் நிற்கிறது. 2020-ல் அவர் எழுதிய 'பத்து லட்சம் காலடிகள்' முதலான ஔசேப்பச்சன் கதைகளையும் தேடிப் படிக்கலாம். ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி நண்பர்களிடம் சொல்லும் கதைகள். யார் கொன்றார் என்று தெரிந்த பிறகுதான் அவற்றில் கதையே ஆரம்பிக்கிறது.

கணக்கில் ருசி உள்ள குமாஸ்தாக்களுக்கு க.சுதாகரின் '6174' நாவலைச் சிபாரிசு செய்கிறேன். 2012-ல் வந்தது. தலைப்பிலுள்ள எண் கற்பனை இல்லை. மராட்டியத்தில் தேவ்லாலி ஊர்ப் பள்ளி ஆசிரியர் கப்ரேகர் கண்டுபிடித்தது. எல்லாம் ஒரே இலக்கமாக இல்லாத நாலு இலக்க எண் எதையும் எடுங்கள். உதாரணமாக 3524. இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழியுங்கள்: 5432-ல் 2345 போனால் 3087. அதையே மறுபடி செய்யுங்கள்: 8730-ல் 378 போக 8352. மறுபடியும்: 8532-ல் 2358 போக 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 6174 நகராது. இந்த எண்ணையும் பழங்காலப் புதிர்களையும் வைத்துப் பின்னிய கதை. படிக்கும்போதே பென்சிலைத் தேட வைக்கிறது. வாசகனை முட்டாளாக நினைக்காத புத்தகம் என்பது அதன் பெரிய குணம். ஆட்களைவிடப் புதிர்கள்தான் நினைவில் நிற்கின்றன என்ற என் பழைய புகார் இதற்கும் பொருந்தும். ஆனாலும் புதிர் உயர்ந்த ஜாதிப் புதிர்.

சாமி வந்து தண்டித்தால்

நாக்ஸ் பாதிரியாரின் இன்னொரு கட்டளை, கதையில் அமானுஷ்யம் கூடாது என்பது. அதைக் காற்றில் பறக்கவிட்டு வெற்றி பெற்றவர் இந்திரா சௌந்தர்ராஜன். 2024 நவம்பரில் அவர் மறைந்த செய்தி வந்தபோது, இங்கே பல வீடுகளில் 'விடாது கருப்பு' தொலைக்காட்சித் தொடரைப் பற்றித்தான் பேச்சு. ஊரில் குற்றம் செய்தவனைக் கருப்பசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறது. சாமியா, ஆசாமியா என்பதுதான் மர்மம். படித்தவர்கள் மூடநம்பிக்கை என்று முகம் சுளித்தார்கள். ஆனால் மாதேஸ்வரன் மலைக்கும் பண்ணாரிக்கும் நடந்தே போகிற நம்மவர்களுக்கு அது அன்னியமாகத் தெரியவில்லை. எளியவனுக்கு அநியாயம் நடந்தால் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அந்தக் கதைகளின் அஸ்திவாரம். கோர்ட்டுக்கு எத்தனை முறை நடக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ருசி புரியும்.

செல்போனில் கொலை

இப்போது நாவல் பெரும்பாலும் செல்போனில் வருகிறது. 2022 முதல் திம்பம் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கோர்ட்டு உத்தரவுப்படி கட்டுப்பாடு வந்தபிறகு, சோதனைச் சாவடியில் விடியும்வரை காத்துக் கிடக்கும் டிரைவர்களின் கையில் பாருங்கள், புத்தகம் இருக்காது. பெங்களூரில் 2014-ல் தொடங்கிய 'பிரதிலிபி' போன்ற இடங்களில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். தினம் ஓர் அத்தியாயம். அத்தியாயத்துக்கு ஒரு திருப்பம் வைக்காவிட்டால் வாசகர் அடுத்த கதைக்குத் தாவிவிடுவார் என்ற பயம் எழுதுகிறவர்களுக்கு. அதனால் நாற்பது அத்தியாயத்தில் நாற்பது திருப்பம். பதினைந்தாவது திருப்பத்தில் யார் உயிரோடு இருக்கிறார், யார் செத்தார் என்றே குழம்பிவிடுகிறது. பெண் எழுத்தாளர்கள் நிறைய பேர் இதில் மர்மக் கதை எழுத வந்திருப்பது நல்ல மாறுதல். அவர்கள் கதைகளில் சமையல்காரம்மாவுக்குப் பெயர் இருக்கிறது.

காதால் கேட்கும் நாவல்களும் வந்துவிட்டன. நம் பிள்ளைகள் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்துத் தெரியாது. அவர்களுக்குக் கேட்கும் கதை ஒரு வரம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில்தான் நம்மில் பலர் தமிழைத் தட்டுத் தடுமாறிப் படிக்கவே பழகினோம். அந்த அவசரத்தைக் காது வழியாகத் தீர்த்துவிட்டால், பையன் எதற்காக அ, ஆ எழுதிப் பார்ப்பான்? வீட்டில் அட்டை கிழிந்த சங்கர்லால் ஒன்று கிடந்தால் முதல் நாலு பக்கத்தைப் படித்துக் காட்டிவிட்டு, "மிச்சத்தை நீயே படிச்சுக்கோ" என்று கையில் கொடுத்துவிடலாம்.

நான் எதிர்பார்க்கும் நாவல் ஒன்று இன்னும் வரவில்லை. இரவு இரண்டு மணி. கிரானைட் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார். எந்தக் கார் எத்தனை மணிக்கு வந்தது, எந்த விளக்கு எப்போது அணைந்தது, முதலாளியின் மைத்துனர் ஏன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார், எல்லாம் அவருக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் வருகிறார். வழக்கம்போல அவரிடம் ஒன்றும் கேட்காமல் உள்ளே போகிறார். அவரோ ரிஜிஸ்டரைத் திறந்து, தன் கோணல் எழுத்தில் நேரத்தைக் குறித்து வைக்கிறார்.